வெட்டுக்கூலி

கிலோவுக்கு இருபது ரூபாய்.
தோல் உரித்தால் பத்து கூட.
சூரமங்கலம் மீன் சந்தையில்
மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் என் அரிவாள்மணை.

கடலை நான் பார்த்ததில்லை.
ஒருமுறை வேளாங்கண்ணிவரை போனோம்,
அன்று பெருமழை, பஸ்ஸை விட்டு இறங்கவில்லை.
ஆனாலும் கடலில் நடப்பது
ஒரு நாள் பிந்தி என் கைக்கு வந்துவிடும்.

போன வருஷம் மத்தி வரவேயில்லை.
இந்த வருஷம் வருகிறது, விரல் நீளத்துக்கு.
"தண்ணி சூடாயிருச்சு, கீழே இறங்கிருச்சு"
என்கிறான் லாரி டோமினிக்,
மத்தி அவனிடம் சொல்லிக்கொண்டு போனதுபோல.
நாகப்பட்டினத்தில் ஏற்றும்போது
பத்துப் பெட்டி மீனுக்குப் பத்துப் பெட்டி ஐஸ் இருந்தது.
இப்போது பதினைந்து.
சித்திரையில் ஏற்காட்டுக்காரர்களே
விசிறியோடு சந்தைக்கு வருகிற ஊரில்
பதினைந்தும் ஆத்தூர் தாண்டும்போதே அழ ஆரம்பிக்கும்.
ஐஸ் தீருகிற இடத்தில்
மருந்து தொடங்கும்.

அதைப் பிடிக்க அவர்கள் வருவார்கள்.
வெள்ளைக் கையுறை, காகிதப் பட்டை, ஒரு சொட்டு.
நீலமானால் மீன் குற்றவாளி.
போன செவ்வாய் செங்கோட்டுவேலின் பாறை மீன் நீலமானது.
எண்பது கிலோ.
ப்ளீச்சிங் பவுடர் தூவிப் புதைக்க எடுத்துப் போனார்கள்.
அவன் சத்தம் போடவில்லை.
எடைக்கல்லைத் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான்.
எந்த ஊரில் எந்தக் கை ஊற்றியது என்று
பட்டை சொல்லாது.

பட்டைக்குத் தெரியாதது இன்னும் இருக்கிறது.
வயிற்றைத் திறப்பது நான்.
கிழங்கானின் குடலில் நீல நைலான் இழை.
சங்கராவுக்குள் ஷாம்பு பாக்கெட்டின் மூலை,
அதில் விலை மட்டும் அழியாமல்: ஒரு ரூபாய்.
திருமணிமுத்தாற்று ஓரத்துக் குட்டையில் பிடித்த ஜிலேபியின்
ஈரல் சாம்பல் நிறம்,
கத்தியைக் கழுவிய பிறகும் சாயப்பட்டறை வாசம்.
சினைக்குக்கூட மாசம் தப்பிப்போயிற்று.
இதற்கெல்லாம் பட்டை யாரிடமும் இல்லை.

பாங்க் நஸ்ரத் மேடம் வந்தார்.
மகளுக்கு ஏழு மாசம்.
"டாக்டர் மீன் சாப்பிடச் சொல்றாங்க, குழந்தைக்கு மூளை வளருமாம்.
யூடியூபில் வேண்டாங்கறாங்க, பாதரசமாம்.
நீ சொல்லு. நீதான் உள்ளே பார்க்கிறவ."

வரிசையில் நின்ற நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள்.
ஒரு நிமிஷம் நான் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தேன்.

சின்ன மீனைப் பெருசு தின்னும் மேடம்,
அது தின்னதெல்லாம் சேர்ந்து இதில் ஏறும்,
வட்டிக்கு வட்டி மாதிரி, உங்களுக்குத் தெரியாததா?
சுறா வேண்டாம், வஞ்சிரமும் இப்போதைக்கு வேண்டாம்.
பொடிசா எடுங்க.

சிரித்தார். சிரித்து முடித்து
நெத்திலி அரைக் கிலோ வாங்கினார்.
நெத்திலிக்குக் கூலி கட்டாது.
ஒவ்வொன்றாய்த் தலை கிள்ளி, குடல் எடுத்து,
நூறுக்கு மேல் எண்ணவில்லை.
பின்னால் நின்றவர்கள் வேறு மணைக்குப் போனார்கள்.

சாயந்திரம் மணை கழுவும்போது
டோமினிக் தந்த மத்தி ஏழு மிச்சம்.
என் பையனுக்கு ரத்தம் ஒன்பதுதான் இருக்கிறதாம்.
ஜி.எச். சீட்டில் எழுதியிருக்கிறார்கள்:
கீரை, முட்டை, மீன்.
எந்த மீன் என்று எழுதவில்லை.

ஏழு வயிற்றையும் திறந்தேன்.
ஆறில் பச்சையாய்க் கொஞ்சம் குழம்பல், அவ்வளவுதான்.
ஏழாவதில் ஒரு மினுமினுப்பு.
செதிலா, ஜரிகைத்தாளா,
நகத்தில் எடுத்துக் குழல்விளக்குக்கு நேரே பிடித்தேன்.
தெரியவில்லை.

அதை மட்டும் பூனைக்குப் போட்டேன்.
முகர்ந்தது.
என்னைப் பார்த்தது.
தின்றது.

மிச்ச ஆறோடு நான் பஸ் ஏறினேன்.