பொருந்தாததை வெட்டிவிடுக

முகத்துவாரத்துத் தோட்டத்தில் நாற்பத்தேழாவது கதவு.
கதவு என்று எழுதிக்கொள்கிறேன்.
போன தேர்தலின் பதாகைத் துணி அது.
வேட்பாளரின் பாதிச் சிரிப்பைத் தூக்கிப் பிடித்துத்தான்
உள்ளே போகவேண்டும்.

பெர்னதெத் எங்கோ போய்
ஒரு கதிரை இரவல் வாங்கிவந்து, துடைத்துப் போட்டாள்.
நான் உட்காரும்வரை பேசவில்லை.

மின்விசிறி? ஒன்று.
தொலைக்காட்சி? அடகில்.
அடகில் இருப்பது இருப்பதா, இல்லாததா?
பிரிஜ்?
மூலையைக் காட்டினாள். திறந்தேன்:
கணக்குக் கொப்பிகள், அரிசி வாளி,
ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்து.
"கரண்ட் குடுக்கிறதில்ல மிஸ். எலிக்குப் பயந்து."
உண்டு / இல்லை.
பொருந்தாததை வெட்டிவிடுக.

இருபத்திரண்டாம் கேள்வி, கணவரின் மாத வருமானம்.
"அவர் உழைக்கிறத எழுதவா,
வீட்டுக்கு வர்றத எழுதவா?"

ரெஜினோல்டுக்குத் துறைமுகத்தில் நாட்கூலி.
அங்கிருந்து இந்தத் துணி வரைக்கும்
சாராயக்கடை இரண்டு.
நாற்பதாயிரம் நடந்து வருவதற்குள்
பன்னிரண்டாயிரம் ஆகிவிடும்.

அவன் குடிக்க நான் ஏன் கட்டவேண்டும்
என்று என் அண்ணன் கேட்பான்.
கெட்டவன் அல்ல,
வரியை ஒருநாளும் பிந்திக் கட்டாதவன்.
அவன் கேள்வியில் பிழை தேடினேன்; கிடைக்கவில்லை.
அந்தக் கால் போத்தலிலும் வரி உண்டு,
அதில் ஒரு சொட்டு சுற்றிவந்து
இவள் கணக்கில் விழலாம் என்பதைத் தவிர.

முந்திய வீட்டில் நிஸ்தார்
பதியவே மாட்டேன் என்றார்.
"கை கால் இருக்கு, அல்ஹம்துலில்லாஹ்."
அவருடைய முச்சக்கரவண்டியை லீசிங்காரர் கொண்டுபோய்
இரண்டு மாதம்.
மரியாதையோடு படிவத்தை மடித்தேன்.
ஒழுங்கையில் அவர் மனைவி பின்னால் வந்து
என் கைப்பையைத் தொட்டாள்.
எதுவும் சொல்லாமல் திரும்பிப் போனாள்.

பட்டம் முடித்து மூன்று வருஷம்
கோட்டை ரயில் நிலையத்துக்கு முன்னால்
வேலை கொடு என்று
அட்டை பிடித்து உட்கார்ந்தவள் நான்.
யாரும் என் வீட்டுக்கு வந்து
மின்விசிறியை எண்ணவில்லை.
கொடுத்தார்கள்.
எங்கள் அலுவலகத்தில் பதினொரு பேருக்கு ஆறு கதிரை,
மழை நாளென்றால் தேநீர்தான் வேலை.
அதற்கு உதவி என்று பெயரில்லை, சம்பளம்.

"வீட்டுக்கு வருவதைச் சொல்லுங்கள்" என்றேன்.
சுற்றறிக்கையில் அப்படி இல்லை.
புள்ளி கூடும் என்று குரலைத் தாழ்த்தியும் சொன்னேன்.

பெர்னதெத் வெகுநேரம் சப்பாத்தைப் பார்த்தாள்.
"உழைக்கிறதையே போடுங்க மிஸ்.
அவர் உழைக்கிற மனுசன்னு
ஒரு தாள்லயாவது கிடக்கட்டும்."

நாற்பதாயிரம், எழுதினேன்.
பேனை அப்படியே மேலே போய்
பிரிஜ்ஜுக்கு நேரே 'உண்டு' என்பதை வெட்டியது.
'மேலுள்ள யாவும் உண்மை' என்று
என் கையெழுத்துக்கு முன்பே அச்சடித்திருந்தார்கள்.

எழுந்தேன்.
வேட்பாளரின் சிரிப்பைத் தூக்குவதற்குள்
கதிரை
அடுத்த வீட்டுக்குப் போயிருந்தது.