சேலைக்கு உள்ளே

கொடியேற்றத்துக்கு முந்தின ராத்திரி
கோயில் கதவைச் சாத்திவிட்டு
மாதாவுக்குச் சேலை மாற்றுவோம்,
நாங்கள் மூன்று பேர்.
கித்தேரி கொசுவம் மடிப்பாள்.
செலஸ்டின் ஊக்குகளை வாயில் கவ்விக்கொண்டு
அவற்றின் இடுக்கிலேயே
அருள் நிறைந்த மரியே சொல்வாள்.
ஏணியில் ஏறுவது நான்.

இந்த வருஷம் முப்பத்தேழு சேலை.
பிள்ளை பிறந்ததற்கு, விசா கிடைத்ததற்கு,
இன்னும் கிடைக்காததற்கு.
பச்சை, இட்லிக்கடை கல்பனா தந்தது.
"அம்மனுக்கும் இதே கடையிலதான் எடுத்தேன்,
ரெண்டு பேருக்கும் ஒரே விலை."

ஊருக்குத் தெரிவது முகம், கை, குழந்தை.
சேலைக்கு உள்ளே
சாந்தில் வார்த்த நீல அங்கி,
எம்சீல் வைத்து ஒட்டிய பிறை நுனி,
முழங்காலுக்குக் கீழே
ஒரு பழுப்புக் கோடு.

அந்த டிசம்பரில்
அடையாறு ஜாபர்கான்பேட்டைக்குள் வந்து
பீடம் ஏறி நின்ற உயரம் அது.
பாடகர் மாடத்தில் முப்பத்திரண்டு பேர்,
ஒரு பெட்டி மெழுகுவர்த்தி.
கீழே பெஞ்சுகள் மிதந்தன.
ஜெபமாலையைப் பாதியில் விட்டு
கித்தேரி தண்ணீரைத் திட்டினாள்.
கெட்ட வார்த்தைதான்.
தண்ணீர் நின்றது.
எதற்கு நின்றது என்று
நான் சாட்சி சொல்ல மாட்டேன்.

இந்த முறை மதலைமுத்து வந்திருக்கிறான்.
கட்சிச் சுவர், ஆட்டோ முதுகு,
இப்போது மாதா முகம்.
இரண்டு நாளாகக் கண் எழுதினான்.
"எங்க அக்கா கண்ணு மாதிரி வந்திடுச்சு"
என்று மன்னிப்புக் கேட்டான்.
இடது கண் கொஞ்சம் அகலம்தான்.
இருக்கட்டும் என்றோம்.

டப்பாவில் நீலம் மிச்சம்.
"இந்தக் கறையையும் அடிச்சிடவா அக்கா?
சாமியார் முழுசா அடிக்கச் சொன்னாரு."

செலஸ்டின் வாய் திறக்காமல் தலையாட்டினாள்,
ஆமாம் என்றா, இல்லை என்றா, தெரியவில்லை.
மாதா பிரார்த்தனையில்
அவளுக்கு எத்தனையோ பெயர்.
இந்தக் கோட்டுக்கு ஒன்றும் இல்லை.

கித்தேரி பச்சையை உதறினாள்.
"நீலம் காய நேரமில்லப்பா."
முதல் சுற்று
கோட்டின் மேலேயே விழுந்தது.

எட்டாம் நாள் தேர்
பாலத்தைக் கடக்கும்.
பூ, சீரியல் பல்பு, ஜெனரேட்டர் புகை.
கீழே அடையாறு
நாற்றத்தோடு, முழங்கால் தண்ணீரில்,
பார்க்காதது மாதிரி
போய்க்கொண்டிருக்கும்.