முகவரியில் இல்லாதவர்

ஹில்வியூ மேட்டில் என் மோட்டார்சைக்கிள்
இரண்டாம் கியருக்கு இறங்கி முனகும் இடத்தில்
முதல் கொண்டோ.
நூற்று எண்பது பெட்டிகள், ஒரே சாவி.
பதினோரு வருஷமாக இந்தக் குன்றை
பெயர் பெயராகத்தான் ஏறுகிறேன்.

லிண்ட்க்விஸ்ட் போய் ஒகோங்க்வோ வந்தார்.
ஒகோங்க்வோ போய் ஹார்ட்மான்.
ஹார்ட்மான் பெட்டியில் இன்னும் வந்து விழுகிறது
லிண்ட்க்விஸ்டுக்குப் பல் வைத்தியர் போடும் கடிதம்:
ஆறு மாதம் ஆகிவிட்டது, வாருங்கள்.
அந்தப் பல் இப்போது
எந்த நாட்டில் மெல்கிறதோ.

இரண்டு வருஷ ஒப்பந்தம், நீட்டித்தால் நாலு.
ஜூன் பிறந்தால் லாரிகள் வந்துவிடும்.
ஒன்பதாம் மாடியில் பிள்ளை பார்க்கும் லுஸ்
மூன்று குடும்பத்துக்கு டாட்டா காட்டியிருக்கிறாள்,
அதே லிஃப்ட் வாசலில், அதே பூப்போட்ட குடையோடு.
அவள் பெயர் எந்தப் பெட்டியிலும் இல்லை.
இலோய்லோவிலிருந்து அவளுக்கு வரும் உறையில்
எப்போதும் 'இன்னார் வீட்டில்' என்றிருக்கும்;
இன்னார் மட்டும் மாறுவார்.

இடங்களின் பெயரும் அப்படித்தான் இங்கே.
பால்பண்ணைச் சாலையில் பசு கிடையாது.
கல்லுடைத்த பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது,
கல்யாணப் படம் எடுக்க வருகிறார்கள்.
ரயில் போன தடத்தில்
கைக்கடிகாரம் அடியெண்ண ஓடுகிறார்கள்.
கான்கிரீட் குழாய் வார்த்த கம்பெனி போய்விட்டது;
அதன் பெயரில் எம்ஆர்டி நிலையம் குடியேறிவிட்டது,
காலியான வீட்டுக்கு அடுத்த வாடகைக்காரர் மாதிரி.

போன செவ்வாய் ஒரு போஸ்ட்கார்டு.
நார்வே, பெர்கன். பென்சில்.
எட்டு வயசிருக்கும் அந்தக் கையெழுத்துக்கு.
பெறுநர்:
     உடும்பு,
     பெரிய குழாய்,
     மூன்றாம் பிளாக்குக்குப் பின்னால்.
அஞ்சல் குறியீடு ஆறு இலக்கமும் சரி.

திருப்பி அனுப்பும் முத்திரையில் கட்டங்கள் உண்டு.
வேறிடம் சென்றுவிட்டார்.
ஏற்க மறுத்தார்.
அப்படி ஒருவர் இல்லை.
பேனாவைத் திறந்துகொண்டு நின்றேன்.
எதை டிக் செய்தாலும் பொய்.

காவலர் ரஸாலி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.
"அதுகிட்ட கையெழுத்து வாங்கணுமா?"
"சாதாரணத் தபால்தான்."

மூன்றாம் பிளாக்குக்குப் பின்னால்
கால்வாயில் பாதி புதைந்த குழாய்.
விளிம்பில் பாசிக்கு அடியே அச்சுப் பதிந்த எழுத்து,
இரண்டு தேய்ந்துபோய், இரண்டு மிச்சம்.
கீழே வார்த்து மேலே உருட்டி வந்ததோ என்னவோ.
வாயில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது
என் கையைவிட நீளமாய், பெறுநர்.

வாசித்தேன்.
"இங்கேயும் மழைதான். ஆனால் இடி இல்லை.
என் வகுப்பில் யாரும் உன்னை நம்பவில்லை.
அப்பா எடுத்த படத்தில் வால் மட்டும்தான் விழுந்திருக்கிறது.
லுஸ் தரும் முட்டையை அவசரமாக விழுங்காதே.
நீ அங்கேதானே இருக்கிறாய்?
சிக்னே (பச்சை மழைக்கோட்டு)."

இங்கிலீஷில் ஒருமுறை.
சுற்றிலும் ஆள் இல்லாததால் தமிழில் ஒருமுறை.
நாக்கை நீட்டிக் காற்றைத் தொட்டுப் பார்த்தது,
பிறகு, வயிறு சரசரக்க, உள்ளே போய்விட்டது.

கார்டைக் குழாயில் போட்டால் குப்பை, அபராதம்.
பையில் வைத்திருந்தால் திருட்டு.
பள்ளிப் பேருந்துக்குக் காத்திருந்த லுஸிடம் நீட்டினேன்.
அவள் உதடு அசைய வாசித்தாள்,
தன் பெயர் வந்த வரியில் விரலை வைத்து
மறுபடியும் வாசித்தாள்.

"முட்டை விஷயம் ஆபீசில் சொல்லிடாதே" என்றாள்.
பேருந்து வளைவில் திரும்பும் சத்தம் கேட்டது.
குடையை விரித்துக்கொண்டே கேட்டாள்:
"நார்வேக்கு
எவ்வளவு ஒட்டணும்?"