இரண்டு விரல் இறக்கம்

சல்மாபாதில் காலை ஏழரைக்கே
ஷட்டரில் கை வைக்க முடியவில்லை.
வாசல் மேட்டில் கோணலாய்த் திருப்பி
ஒரு சக்கரம் விட்டு ஒரு சக்கரமாய் ஏற்றி
உள்ளே கொண்டுவந்தான் ஃபவ்வாஸ்
தன் வெள்ளை லெக்ஸஸை,
வயிறு தரையில் படாமல் நுழையும் பூனைபோல்.

ஸ்டியரிங் இடப்பக்கம் இழுக்கிறதாம்.
வேறொன்றும் இல்லையாம்.
டயர் புதுசு, ரஃபீக், பார்.

பார்த்தேன்.
முகம் நல்ல முகம்தான்.
பட்டன் ஆழமாக இருக்கிறது,
பாலிஷ் போட்டுத் துடைத்திருக்கிறான்.
போன வருஷம் இதே வண்டியில்
மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே
என் முஷ்டி போகும்.
இப்போது சுண்டுவிரல் போகவில்லை.
அந்த இடைவெளியை ஒழிக்க
நூற்றெண்பது தினார் ஆனது என்றான்,
பிள்ளை பெற்றவன் எடை சொல்வதுபோல்.

உள்பக்கத்தைக் கண்ணால் பார்க்க முடியாது.
மண்டியிட்டு, கன்னத்தைத் தரைக்குக் கொடுத்து,
கையை வளைத்து விட வேண்டும்.
உள்ளங்கை என்று பெயர் வைத்தவன்
இந்த வேலை பார்த்திருப்பான்.
உள்ளிருந்து வெளியே இழுத்தால் வழவழப்பு.
வெளியிலிருந்து உள்ளே தள்ளினால்
அரத்தின் பல்.
இன்னும் கொஞ்சம் தள்ளினேன்.
கட்டைவிரலில் குத்தியது
கம்பி.

லிஃப்டில் ஏற்றிக் காட்டினேன்.
முன்சக்கரம் இரண்டிலும்
இரண்டு விரல் அகலத்துக்கு
ரப்பரே இல்லை, கம்பி மினுங்குகிறது.
நேற்று ராத்திரி இதில்தான்
கடற்பாலம் தாண்டிக் கோபர் போய்
ஷவர்மா தின்றுவிட்டுத் திரும்பினானாம்.
நூற்று அறுபதில்.
ஒன்றும் ஆகவில்லையே, என்றான்.

சக்கரம் சாய்ந்தால் மெல்லத்தான் தின்னும்,
சொன்னேன், என் அரபி போகிற தூரம் வரைக்கும்.
வாத்துபோல் பாதத்தை வெளியே திருப்பி நடக்கிறதே,
அதுதான் சீக்கிரம் தின்னும்.
இறக்கியபோது இரண்டும் சேர்ந்து வந்தன.
நீ கூப்பிட்டது ஒன்றைத்தான்.

பழைய ஸ்பிரிங்கே போட்டுவிடலாமா?
அவன் பார்த்த பார்வையில்
நான் தாடியை மழிக்கச் சொன்னவன்.

சரி. முன்னால் இரண்டும் புதுசு.
பின்னால், உள்ளே இரண்டு மில்லி பாக்கி.
குல் ஜமான் ஒரு வழி சொன்னான்:
ரிம்மிலிருந்து கழற்றிப் புரட்டி மாட்டு,
தேய்ந்தது வெளியே வரும்,
தேயாதது உள்ளே போய் அடி வாங்கட்டும்.
அம்பு போடாத டயர்தான்.
ஆறு மாதம் ஓடும்.
மாட்டினோம்.

ஃபவ்வாஸ் எதிரே நின்று பார்த்தான்.
சுற்றி வந்து அந்தப் பக்கம் பார்த்தான்.
கூலிங்கிளாஸைக் கழற்றினான்.
சொட்டை ரப்பர்
சாம்பல் பூத்து வெயிலில் நிற்கிறது.
எல்லாருக்கும் தெரியுமே, என்றான்.

பழையபடியே மாட்டச் சொன்னான்.
அதற்குத் தனியாக நான்கு தினார்.
குல் ஜமான் சிரிக்காமல் வாங்கிக்கொண்டான்.

டோவை நேராக்கினேன்.
கேம்பர் போல்ட் இல்லாத வண்டியில்
மற்றதில் என் கைக்கு வேலையில்லை.
திரையில் இன்னும் இரண்டு சிவப்பு.
மறைக்காமல் அச்சடித்துக் கொடுத்தேன்.
மடித்துப் பையில் வைத்தான்.
படிக்கவில்லை.

வியாழன் இரவு, கேம்ப் பஸ்.
சிக்னலில் பக்கத்தில் அதே வெள்ளை.
தெருவிளக்கில் நான்கு டயரும் கன்னங்கரேல்.
முன் சீட்டில் யாரோ
அம்சமான வண்டி என்றார்.
ஆமாம் என்றேன்.
இல்லை என்று எப்படிச் சொல்ல?
பச்சை விழுந்தது. அவன் பாலத்தின் பக்கம் திரும்பினான்,
நாங்கள் நேரே.

கட்டைவிரலை மறந்தே போயிருந்தேன்.
சோற்றில் எலுமிச்சை ஊறுகாயைப் பிசைந்தபோது
சுரீரென்றது.