பதினோராம் பக்கம்

தொண்ணூற்றொன்பது, மாசி. கட்டின் முதுகில்
கடல் ஏறிய உயரத்துக்கு ஒரு கபிலக் கோடு.
ஒட்டிய தாள்களைக்
கரண்டிக் காம்பால் பிரிக்கிறாள் ஜெஸீலா,
மூதூர் நூலகத்தின் பின்னறையில்.

கந்தோரில் கேட்கிறார்களாம்,
தம்பியைக் காணவில்லையென்று
அப்போதே அறிவித்ததற்கு அத்தாட்சி.

பக்கம் இருக்கிறது.
அறிவித்தல் இருந்த இடத்தில் சதுர ஓட்டை,
பிளேடால் நேராக.
அதற்குள்ளால்
பதின்மூன்றாம் பக்கத்து மண்ணெண்ணெய் விலை.

"ஆரோ வெட்டிட்டாங்க."

வந்தவ குனிந்தபடி,
"நான்தான் புள்ள.
பேர்சுக்க வச்சிருந்தன்.
ஓடக்குள்ள படகுல விழுந்துட்டு."

பதிவேட்டில், சேதம் எனும் நிரலுக்கு மேல்
பேனை கொஞ்சம் நிற்கிறது.
மூடி போட்டுவிட்டு
ஜெஸீலா எழுந்து மெஷினைத் திறக்கிறாள்.

ஓட்டையோடே ஒரு பிரதி.
கறுப்பாக விழுந்த சதுரத்தின் ஓரத்தில்
நூலக முத்திரை,
இன்றைய திகதி.