எட்டுக் காசு விடுதி

எமுலேட்டரில் நாற்பது விளையாட்டு இறக்கினேன்.
பத்தாம் நிமிடத்திலேயே உலகம் அழியுமென்று மிரட்டியவை
முதலில் போயின.
ஜப்பானிய எழுத்தில் பேசியவற்றுக்கு
ரெண்டு நாள் தலையாட்டினேன்.

மிச்சம் ஒன்று.
பெயர் வைக்க இங்கிலீஷில் ஆறெழுத்துக்குத்தான் இடம்:
மாதேஸ்வரன் நான் மாதேஸ் ஆனேன்,
கையில் மூங்கில் தடி.
விடுதியில் ராத்திரிக்கு எட்டுக் காசு.
படுத்தெழுந்தால் எல்லாக் காயமும் ஆறிவிடும்.
சூரமங்கலத்தில் மூவாயிரம் வாடகை;
இடுப்பு வலியோடுதான் எழுகிறேன்.

நேற்று, இரும்பாலை நைட் ஷிப்ட் பஸ்ஸில்
குகைக்குள் இறங்கினேன்.
மருந்து ஒன்றே ஒன்று. சார்ஜ் நாலு சதவீதம்.
சேமிக்கும் கல் கீழே எங்கேயோ.

பக்கத்து சீட்டில் பூபாலன்.
ஆறு வருஷமாய் ஒரே பஸ், பேசியதில்லை.
எட்டிப் பார்த்தார்.
"இடது பக்கம் போப்பா. வலது பக்கம் பாம்பு."