கசிவு

ஹெல்யே முதலில் செய்தது
காரை வெளியே நிறுத்தியது.
பிறகு கொட்டகைக் கதவுக்கு ஒரு கல்லை அண்டக் கொடுத்து
இரவும் பகலும் திறந்தே விட்டாள்,
ஏப்ரல் கடைசி, ஹீயுமா தீவில்,
வேலியோரம் அழுக்குப் பனி இன்னும் கிடந்தபோது.

உத்தரத்தில் இரண்டு மரக்கிண்ணங்கள் அறைந்தாள்.
கீழே எச்சம் விழ ஒரு பலகை.
தன் தலையணையைக் கிழித்து
வெள்ளை இறகுகளைப் புல்லில் தூவினாள்.
கடற்காற்று அவற்றை அள்ளிப்போய்
ஆகோவின் உருளைக்கிழங்குப் பாத்தியில் போட்டது.
வேலி எந்த வழியாகப் போக வேண்டும் என்பதில்
ஆறு வருடமாக அவர்கள் பேசுவதில்லை.
இறகுகளைப் பற்றியும் பேசவில்லை.

சேறு என்றால் சும்மா சேறு இல்லை:
களிமண் இரண்டு பங்கு, நறுக்கிய வைக்கோல்,
குதிரை வைத்திருப்பவர்களிடம் கேட்டு வாங்கிய சாணம்.
கர்த்லா மருத்துவமனையில் இரவுப்பணி முடித்து வந்ததும்
சீருடைகூட மாற்றாமல் தட்டின்முன் குந்துவாள்.
தண்ணீர் தெளிப்பாள்.
காய்ச்சல்காரர் நெற்றியைத் தொடுவதுபோல
இரண்டு விரலால் பதம் பார்ப்பாள்.

மே ஏழாம் தேதி
மின்கம்பியில் நான்கு.
தகைவு இல்லாதவை, தகைவிலான்கள்.
களைப்பென்பதே பெயரில் இல்லாத பறவையை
களைத்துப்போன ஒருத்தி
கையில் சாவியோடு நின்று பார்த்தாள்.
ஆப்பிரிக்காவின் அந்தக் கோடியிலிருந்து வந்தவை.
கம்பிக்கும் கொட்டகைக்கும் இருபது அடி.
வரவில்லை.

மழையும் வரவில்லை.
குட்டையின் ஓரம் பாளம் பாளமாக வெடித்தது.
சாலைப் பள்ளங்களில் தூசு.
தட்டில் மட்டும் சேறு,
ஈரமாக, ஒழுங்காக, யாரும் தொடாமல்.
ஒரு காகம் வந்து வைக்கோலை இழுத்துப் பார்த்துவிட்டு
அங்கேயே போட்டுவிட்டுப் போனது.

இதற்கு நடுவில் சௌனாவின் பின்புறம்
குழாய் மூட்டில் கசிவு.
பிளம்பர் ரைவோவுக்கு மூன்று முறை போன்.
"வரேன், வரேன்" என்றான்
வேறு யாரைக் கூப்பிடுவாள் என்கிற தைரியத்தில்.

ஒரு காலை அவனைத் திட்டிக்கொண்டே
வாளி வைக்கப் போனாள்.
காஞ்சொறிச் செடிகளுக்கு இடையில்
கைக்குட்டை அளவு சகதி.
அதில் ஒன்று,
ஈரம் படாமல் உடுப்பைத் தூக்கிப் பிடிப்பவர்போல
சிறகுகளை உயர்த்திக்கொண்டு,
வாய் நிறைய மண்ணோடு.

பறந்தது.
அவள் கழுத்து பின்னாலேயே திரும்பியது.
கல் வைத்துத் திறந்த கதவைத் தாண்டி,
தாவாவில் இருக்கும் வேலியைத் தாண்டி
ஆகோவின் களஞ்சியத்துக்கு,
உடைந்த சன்னல் வழியாக உள்ளே.

ஜனவரிப் புயலில் போன கண்ணாடி அது.
மாற்ற வக்கில்லாத மனிதர் என்று
வார்டு முழுக்கச் சொல்லியிருந்தாள்.

வாளியை வைக்காமல் திரும்பினாள்.
அன்று பார்த்து ரைவோ கூப்பிட்டான்.
"சாயங்காலம் வந்துடறேன்."
"அவசரமில்லை."
"தண்ணி வீணாப் போகுமே?"
"போகட்டும்."
பம்பு ஜூன் முழுக்க முனகியது.
மின்கட்டணச் சீட்டை அவள் பிரிக்காமல்
ரொட்டிப் பெட்டிக்கு அடியில் வைத்தாள்.

ஜூலையில் ஒருநாள் வேலியருகே ஆகோ.
கக்கத்தில், செய்தித்தாள் சுற்றிய கண்ணாடி.
தொண்டையைச் செருமினார், இரண்டு முறை.
"வாங்கி மூணு வாரம் ஆச்சு.
இப்ப மாட்டினா..."
"உள்ளே எத்தனை?"
"அஞ்சு. ஒண்ணு கொஞ்சம் நோஞ்சான்."
"செப்டம்பர்ல மாட்டுங்க."
தலையசைத்தார். போகத் திரும்பியவர் நின்றார்.
"ஏணி வச்சு எட்டிப் பார்த்தேன்.
உங்க தலகாணி அங்கேதான் இருக்கு."

அன்று பகல்
திரைச்சீலையை இழுத்துவிட்டு
மடித்த துவாலையில் தலைவைத்து
ஹெல்யே தூங்கினாள்,
வெளியே கீச்சொலி ஓயாமல்.